வாடகை வீடும் பதியாத பத்திரமும்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, சேமநிதிப் பணத்தைக் கொண்டு சென்னையின் புறநகரில் ஒரு வீட்டை வாங்கி, அதன் வாடகையிலே சேஷ காலத்தை நிம்மதியாகக் கழித்துவிடலாம் என்று மனக்கணக்குப் போடுகிறவர்கள் நம்மிடையே அநேகர். சொத்து வரி, வெள்ளையடிப்பு, ஒருவர் காலி செய்து மற்றொருவர் குடிவரும் வரை பூட்டிக் கிடக்கும் மாதங்கள் ஆகியவை அந்தக் கணக்கில் சாதாரணமாக இடம் பெறுவதில்லை. சொத்து வரி போக எஞ்சிய வாடகையில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் தருவது சற்றே ஆறுதல்.

ஆயினும் பெரும்பாலான விவகாரங்களுக்கு மூலகாரணம் பத்திரத்தைப் பற்றிய அலட்சியமே. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ரத்து செய்துவிட்டு, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் அதன் பதிவும் அவசியம் என்று விதித்திருந்தும், முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்று கருதுகிறவர்கள், வாடகை நின்றுபோன பிறகு வக்கீலைத் தேடி ஓடுவது பரிதாபம்.

முன்பண விஷயத்தில் நமது அனுதாபம் குடித்தனக்காரர் பக்கமே. வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கலாகாது என்கிறது சட்டம். சென்னையிலோ பத்து மாத அட்வான்ஸ் நெடுங்கால வழக்கம். அதைத் திருப்பித் தரும் நாளில் சுவரிலுள்ள ஆணித் துவாரங்களை எண்ணிப் பிடித்தம் செய்கிறவர்களும் உண்டு! குடிவரும் நாளன்றே இரு தரப்பாரும் அறை அறையாகப் பார்த்து, குழாய், மின்விசிறி, மீட்டர் அளவு முதலியவற்றைக் குறித்துக் கையொப்பமிட்ட ஜாபிதா ஒன்றை ஒப்பந்தத்தோடு இணைத்துக்கொள்ள வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.