யூரியா போட்டும் தென்னை ஏன் தேறலை?

1/ ஆம்பூர் பக்கத்துல இருந்து பிரஷர் மாத்திரைக்கு வர்ற பெரியவர் ஒருத்தர், போன வாரம் கிளம்பும்போது கேட்டார்: "தென்னை எல்லாம் மஞ்சளாவுது டாக்டர். ரெண்டு தடவை யூரியா வெச்சேன், தேறலை. இன்னொரு மூட்டை போடட்டுமா?"

2/ நான் மர டாக்டர் இல்லை. ஆனா இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். மாசக்கணக்கா இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் சோகை தீரலைன்னா, மாத்திரையைக் கூட்டிக்கிட்டே போக மாட்டோம். குடல்ல கொக்கிப்புழு இருக்கா, எங்கேயாவது ரத்தம் போகுதான்னு தேடுவோம்.

3/ தழைச்சத்து முக்கியம்தான். பச்சையமும் புரதமும் அது இல்லாம உருவாகாது. குறைஞ்சா, மரம் பழைய மட்டையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும். அதான் அடிமட்டை முதல்ல மஞ்சளாகுது. காய்க்கிற மரத்துக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை வருஷத்துக்கு 1.3 கிலோ யூரியா, ரெண்டு தவணையா.

4/ போட்டும் ஏன் ஏறலை? தழைச்சத்து தண்ணியோடதான் வேருக்குள்ள போகும். மண்ணுல உப்பு ஏறிட்டா, ஈரம் இருந்தும் வேரால உறிஞ்ச முடியாது. யூரியாவை நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியாவும் சோர்ந்துடும். தோல் கெடாம இருக்க உப்புதான் போடுறாங்க. அதைக் கழுவின தண்ணி பாலாற்றுப் படுகையில பல வருஷமா இறங்கியிருக்கு.

5/ வேர் எடுக்காத நைட்ரேட் மழையோட கிணத்துக்கு இறங்கும். இங்கதான் நான் டாக்டரா பேசணும். குடிநீர்ல நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ரொம்ப அதிகமானா, அந்தத் தண்ணியில பால்பவுடர் கலந்து குடிக்கிற கைக்குழந்தையோட ரத்தம் ஆக்சிஜன் சுமக்க முடியாம உடம்பு நீலம் பாயலாம். கொதிக்க வெச்சாலும் நைட்ரேட் போகாது.

6/ என் கருத்து இதுதான்: டெஸ்ட் இல்லாம மருந்து எழுதக் கூடாதுன்னா, டெஸ்ட் இல்லாம உரமும் போடக் கூடாது. முதல்ல மண்ணுலயும் தண்ணியிலயும் உப்பு எவ்வளவுன்னு பாருங்க. உரமா, ஜிப்சமாங்கிறதெல்லாம் அப்புறம்.

7/ தோல் தொழிலை மூடச் சொல்லலை. என்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேருக்கு அதுதான் சோறு. ஆனா 1996 ஆகஸ்ட் 28-லயே, வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல, மாசு செஞ்சவங்கதான் ஈடு கட்டணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2025 ஜனவரி 30-ல பாலாறுக்காக மறுபடி ஒரு தீர்ப்பு. இதுக்கப்புறமும் கெட்டுப்போன மண்ணுக்கு யூரியா மூட்டை வாங்கி, விவசாயி ஏன் ஈடு கட்டணும்? இந்தப் பகுதியில மண், தண்ணி டெஸ்ட் செலவை அந்த ஈட்டுத் தொகையிலிருந்தே எடுக்கணும்.

8/ பெரியவர்கிட்ட சொன்னேன்: "மூட்டை வேணாம்யா. ஒரு பாட்டில் கிணத்துத் தண்ணியும் ஒரு கிலோ மண்ணும் எடுத்துட்டு வேளாண் ஆபீஸுக்குப் போங்க. வீட்ல பேரக்குழந்தை இருக்குல்ல, நைட்ரேட்டும் சேர்த்துப் பாக்கச் சொல்லுங்க."

உங்க கிணத்துத் தண்ணியைக் கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணீங்க?