கடைசி வரிசையும் வெள்ளித்திரையும்



அண்மையில் பார்த்த சில திரைப்படங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாள்களாகவே எண்ணியிருந்தேன். ஆசிரியருக்குச் சினிமா எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நம் மாணவர்கள் பாடநூலைப் பார்க்கும் நேரத்தைவிடத் திரையைப் பார்க்கும் நேரம் மிகுதி என்னும்போது, அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதை நாம் அறிந்திருப்பதும் நம் பணியின் ஒரு கூறே என்பது என் தாழ்மையான கருத்து.

எங்கள் கெப்பாலா பத்தாஸிலிருந்து தமிழ்ப்படம் பார்க்க வேண்டுமானால், வடக்கே மூடா ஆற்றைக் கடந்து சுங்கைப் பட்டாணிக்குச் செல்ல வேண்டும்; இல்லையேல் தெற்கே செபராங் ஜெயாவுக்கு. குடும்பத்தோடு சென்றால் நுழைவுச்சீட்டு, சோளப்பொரி, எண்ணெய்ச் செலவு என நூறு வெள்ளியைத் தாண்டிவிடும். ஆகவே பெரும்பாலான படங்களை வீட்டிலேயே, மாணவர் பயிற்சி நூல்களைத் திருத்தி முடித்த பின்னர்ப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. திரையரங்கிற்குப் போவது இரஜினி, விஜய் படங்களுக்கு மட்டும் என்று பல குடும்பங்கள் வரையறுத்துக்கொண்டதற்கும் இச்செலவே காரணம் போலும்.

முதலில் பெற்றோர்களிடம் ஒரு சொல். 2025 ஆகஸ்டு மாதம் வெளிவந்த 'கூலி' திரைப்படத்திற்கு இந்தியத் தணிக்கைக் குழு வயது வந்தோருக்கு மட்டும் என்ற 'ஏ' சான்றிதழ் வழங்கியது. அதனைத் தளர்த்தக் கோரித் தயாரிப்பாளர் தரப்புச் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது; மனு தள்ளுபடியானது. இவ்வளவும் நடந்த ஒரு படத்தின் வெட்டுக்குத்துக் காட்சிகளை ஆண்டு 2 மாணவன் ஒருவன் ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலை அருகே நடித்துக் காட்டுகிறான் என்றால், அவன் எங்கே பார்த்தான், யாருடைய கைப்பேசியில் பார்த்தான் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இரஜினி படம்தானே என்று இருந்துவிட்டோம் எனப் பெற்றோர் கூறுவதுண்டு. இரஜினி படம் என்றால் குழந்தைகள் படம் என்ற காலம் மலையேறிவிட்டது ஐயா! நடிகரின் பெயரைப் பார்க்குமுன் வயது வரம்பைப் பார்ப்பது நலம்.

நிற்க. நான் எழுத வந்தது பள்ளியையும் மாணவரையும் பற்றிய படங்களைக் குறித்து.

தமிழ்ச் சினிமாவுக்கு ஆசிரியர் என்றால் மீட்பர். 2012இல் 'சாட்டை' வந்தது. சமுத்திரக்கனி ஒரு சீர்கெட்ட அரசுப் பள்ளிக்கு வருகிறார், எல்லாவற்றையும் மாற்றுகிறார். 2019இல் 'ராட்சசி'. ஜோதிகா தலைமையாசிரியையாக வருகிறார், எல்லாவற்றையும் மாற்றுகிறார். 2023இல் 'வாத்தி'. தனுஷ் வருகிறார், அவரும் மாற்றுகிறார். இப்படங்களைப் பார்த்து நானும் கைதட்டியிருக்கிறேன். ஆயினும் படம் முடிந்து எழும்போது மனத்தில் நிற்பது ஆசிரியரின் முகம் மட்டுமே. மாணவர் எவருடைய முகமும் நினைவில் இல்லை. அவர்கள் மீட்கப்படுவதற்காகவே அங்கு அமர்ந்திருந்தார்கள். மேலும், நான் பார்த்த வரையில், இந்தத் திரை ஆசிரியர்களில் ஒருவரும் நாள் பாடத்திட்டம் எழுதியதாகவோ, இணையத்தில் மதிப்பீட்டுத் தரவுகளைப் பதிவேற்ற இரவு பதினொரு மணி வரை விழித்திருந்ததாகவோ காட்சி இல்லை. அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்!

இதற்கு நேர்மாறான ஒரு படத்தை அண்மையில் பார்த்தேன். அது தமிழ்ப்படமன்று, மலையாளம். விநேஷ் விஸ்வநாத் இயக்கத்தில் 2024 நவம்பரில் வெளிவந்த 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்'. கடைசி வரிசையில் அமரும் ஸ்ரீகுட்டன் என்ற ஏழாம் வகுப்பு மாணவன், முதல் வரிசை மாணவனை எதிர்த்துப் பள்ளித் தலைவர் தேர்தலில் நிற்கிறான். கதை இவ்வளவுதான். அஜு வர்கீஸ் நடித்த ஆசிரியர் பாத்திரம் அம்மாணவனை வகுப்பில் சிறுமைப்படுத்தும் காட்சிகளைப் பார்க்கையில் நாற்காலியில் நெளிய வேண்டியிருக்கிறது. அவர் கொடியவரல்லர். நம் ஆசிரியர் அறையில் எதிர்மேசையில் அமர்ந்திருக்கும் ஒருவரைப் போலத்தான் இருக்கிறார். தம் சொல் அச்சிறுவனை எங்கே தைக்கிறது என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை, அவ்வளவே.

படத்தின் இறுதியில் வகுப்பறை மேசைகள் சுவரோரமாக வளைத்துப் போடப்படுகின்றன. கடைசி வரிசை என்பதே இல்லாமற்போகிறது. 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இப்படம் இணையத்திற்கு வந்த பிறகு, கொல்லம் மாவட்டம் வாளகத்தில் உள்ள பள்ளி உட்படக் கேரளத்தில் சில பள்ளிகள் இம்முறையை மேற்கொண்டன. அதே ஆண்டு ஜூலையில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையும் 'ப' வடிவில் இருக்கைகளை அமைக்குமாறு சுற்றறிக்கை விடுத்தது. உடனே எதிர்ப்புகளும் எழுந்தன. பக்கவாட்டில் அமரும் பிள்ளைகளுக்குக் கழுத்து வலி வரும் என்றனர் சிலர். நாற்பது ஐம்பது பேர் அமரும் அறையில் 'ப' வடிவம் எப்படிப் போடுவது என்றனர் வேறு சிலர். இரண்டும் ஞாயமான கேள்விகளே. ஒரு திரைப்படத்தின் இறுதிக் காட்சி அரசின் சுற்றறிக்கை வரை சென்றது என்பது வியப்புக்குரியது. எனினும் படம் சொன்னதில் மேசையை மட்டும் எடுத்துக்கொண்டார்களோ என்ற ஐயமும் எனக்குண்டு.

நம் நிலையைப் பார்ப்போம். மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மொத்த மாணவர்களே நூற்றைம்பதுக்கும் குறைவு. ஒரு வகுப்பில் பன்னிரண்டு பேர், சில தோட்டப் பள்ளிகளில் ஐந்தாறு பேர். பன்னிரண்டு பேர் அமரும் வகுப்பில் ஏது கடைசி வரிசை? ஆனாலும் இருக்கிறது. கதை சொல்லும் போட்டிக்கு யார் செல்கிறார்? திருக்குறள் மனனப் போட்டிக்கு யார்? அறிவியல் விழாவுக்கு, புதிர்ப்போட்டிக்கு யார்? எல்லாவற்றுக்கும் அதே நான்கு பிள்ளைகள். பள்ளியின் முகநூல் பக்கத்தைத் திறந்தால் கேடயம் ஏந்தி நிற்பவர்களும் அதே நால்வர். மற்ற எட்டுப் பேர் ஆறாண்டுகள் பள்ளிக்கு வந்துபோகிறார்கள். வருடத்திற்கு ஒருமுறை விளையாட்டுப் போட்டி அணிவகுப்பில் மட்டும் படத்தில் தெரிகிறார்கள். தம் பிள்ளை ஒருமுறைகூட மேடையேறவில்லையே என்று புலனக் குழுவில் கேட்கத் தயங்கும் தாய்மார்கள் எத்தனையோ பேர். பள்ளிக்கு வெற்றி வேண்டும் என்ற கட்டாயம் எனக்கும் புரிகிறது. மாவட்ட நிலையில் தோற்றால் கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்காக ஆறு ஆண்டுகளில் ஒரு முறையேனும் எல்லாருக்கும் ஒலிவாங்கி கிடைக்கக்கூடாதா?

அடுத்து, மாரி செல்வராஜின் 'வாழை' (2024). வார இறுதியில் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டிய சிறுவன் சிவனைந்தான். எல்லாக் குழந்தைகளும் விடுமுறைக்கு ஏங்க, இவன் மட்டும் விடுமுறையைக் கண்டு நடுங்குகிறான். பூங்கொடி டீச்சரின் மீது அவன் கொண்ட அன்பைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்குப் பட்டது வேறு. அந்த ஆசிரியை அவனை மீட்கவில்லை. அவரால் இயலவும் இயலாது. அவரால் ஆனது, பள்ளியை அவன் வர விரும்பும் இடமாக வைத்திருந்தது மட்டுமே. நம் பெற்றோர்களில், விடியற்காலையில் அப்பா அம்மாவோடு பால்மரக் காட்டிற்குச் சென்று, மங்கு துடைத்துவிட்டு அதன்பின் பள்ளிக்கு ஓடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இப்படத்தைத் தம் பேரப்பிள்ளைகளோடு பார்த்தால் பேச நிறைய இருக்கும். இறுதிக் காட்சிகள் மிகவும் கனமானவை என்பதால் சிறு குழந்தைகளுக்கு வேண்டாம்.

இவை யாவற்றையும் பார்த்த பின்னர், மீண்டும் ஒருமுறை 'ஜகாட்' படத்தைப் போட்டுப் பார்த்தேன். 2015 டிசம்பரில் வெளிவந்த நம் நாட்டுப் படம். இயக்கம் சஞ்சய் குமார் பெருமாள். கெட்டது என்ற பொருளுடைய 'ஜஹாட்' எனும் மலாய்ச் சொல்லை நம்மவர் வாயில் வரும்படியே தலைப்பாக்கியிருக்கிறார். 1990களின் தொடக்கம், தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கு நிலத்தில் குடியேறிய மக்கள், அவர்களிடையே அப்போய் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன். தந்தை மணியம், அவன் எப்படியாவது படித்து மேலே வந்துவிட வேண்டும் என்று துடிக்கிறார். சித்தப்பன்மாரில் மெக்சிகோ குண்டர் கும்பலில் இருக்கிறான். பாலா போதையில் சீரழிந்து மீளப் பார்க்கிறான்.

இப்படத்தைக் குண்டர் கும்பல் படம் என்று ஒதுக்கிவிட்ட ஆசிரியர்களை நான் அறிவேன். அது தவறான கணிப்பு. என் பார்வையில் இது மலேசியத் தமிழர் எடுத்த படங்களுள் பள்ளியைப் பற்றிய தலையாய படம். அப்போய் மந்தமான மாணவன் அல்லன். குறும்பும் கற்பனையும் மிக்கவன். அந்தக் கற்பனைக்கு வகுப்பறையில் இடமில்லை. மனனம் செய், ஒப்பி, அடிவாங்கு என்பதே அவனுக்குக் கிடைக்கும் கல்வி. வீட்டிலும் அதே. தந்தையின் கையிலுள்ள பிரம்பில் வெறுப்பு இல்லை, அச்சம்தான் இருக்கிறது. தம்பிகளைப்போல் மகனும் ஆகிவிடுவானோ என்ற அச்சம். அவர் அடிக்க அடிக்கச் சிறுவன் அந்தத் தம்பியின் பக்கமே நகர்கிறான். ஏனெனில் மெக்சிகோ அவனைப் பார்த்துச் சிரிக்கிறான். அவன் சொல்வதைக் கேட்கிறான். ஒரு குண்டர் செய்வதை ஒரு பள்ளியால் செய்ய முடியவில்லை! இறுதியில் சிறுவன் எப்பக்கம் சாய்கிறான் என்பதைப் படத்தைப் பார்த்தே அறிந்துகொள்ளுங்கள்.

முப்பதாண்டுகளுக்கு முந்தைய கதைதானே, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்பர். மாறியவை உண்டு. 2019 முதல் ஆண்டு 1 முதல் 3 வரை தேர்வுகள் இல்லை. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் ஒழிக்கப்பட்டது. வகுப்பறைசார் மதிப்பீடு வந்தது. தேர்வு போனது; மாதிரிக் கட்டுரை போகவில்லை. இன்றும் 'நான் ஒரு பேனா' என்று தன்கதை எழுதச் சொன்னால், பத்துப் பிள்ளைகளின் பேனாவும் ஒரே தொழிற்சாலையில் பிறந்து, ஒரே கடைக்கு வந்து, ஒரே சிறுவனிடம் சென்று, ஒரே குப்பைத்தொட்டியில் கண்ணீர் வடிக்கிறது. பதினொன்றாவது பிள்ளையின் பேனா மட்டும் தமிழாசிரியரின் சட்டைப்பையிலிருந்து தப்பித்து ஓடினால், அதற்குச் சிவப்பு மையால் கோடு விழாமல் இருக்க வேண்டும். அப்பிள்ளையின் எழுத்துப்பிழைகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

'ஜகாட்' பட்ட பாடும் கடைசி வரிசை மாணவன் பட்ட பாடுதான். 2016இல் நடந்த 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் இல்லாத படங்கள் என்று தனிப்பிரிவு வகுத்து அதில் இதனை வைத்தார்கள். மொழி எதுவாயினும் மலேசியப் படம் மலேசியப் படமே என்று இனபேதமின்றிக் கலைஞர்கள் குரல் எழுப்பினர், பெரும் சர்ச்சையானது. முடிவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதை இதே 'ஜகாட்' பெற்றது. ஆனால் நம்மவர் எத்தனை பேர் அதைத் திரையரங்கில் பார்த்தோம்? ஆசிரியர் பயிற்சிக் கழகங்களில் பயிலும் இளையோருக்கு இப்படத்தைப் போட்டுக் காட்டிக் கலந்துரையாட வைத்தால், குழந்தை மேம்பாடு குறித்த பல விரிவுரைகளுக்கு அது துணை நிற்கும்.

சில குறைகளையும் சொல்ல வேண்டும். படத்தில் வரும் வசைச் சொற்களால் இதனைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட இயலாது. பெற்றோரும் ஆசிரியரும் பார்க்க வேண்டிய படம் இது.

பிள்ளைகளோடு பார்க்க வேண்டுமென்றால் என் தேர்வு 'குரங்கு பெடல்' (2024). இராசி அழகப்பனின் 'சைக்கிள்' என்ற சிறுகதையைத் தழுவிக் கமலக்கண்ணன் இயக்கியது. 1980களின் கோடை விடுமுறை. வாடகை மிதிவண்டியில் ஓட்டப் பழகத் துடிக்கும் மாரியப்பன். மிதிவண்டி ஓட்டத் தெரியாத அப்பாவாகக் காளி வெங்கட். வில்லன் இல்லை, வெட்டுக்குத்து இல்லை. நகரத்துப் பிள்ளையின் தனிமையைக் காண விரும்புவோர்க்கு இராமின் 'பறந்து போ' (2025) உண்டு. அதில் பாடல்கள் சற்று மிகுதி, ஆனால் அந்தத் தந்தையும் மகனும் நெஞ்சில் நிற்கிறார்கள். அடம்பிடிக்கும் பிள்ளையை உடைய பெற்றோர் பொறுமையாகப் பார்க்கவும்.

எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை மண்டபத்தில் 'குரங்கு பெடல்' திரையிடலாம் என்று முன்மொழிந்தேன். படத்துக்குப் பதில் கூடுதல் வகுப்பு வைக்கலாமே என்றார் ஒரு தந்தை. நீங்களும் வாருங்கள், பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள், பிறகு சொல்லுங்கள் என்றேன். வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒளிபெருக்கி தயார், ஒலிபெருக்கிதான் சற்றே கரகரக்கிறது, அதைப் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறோம்.