லேசரும் சிப்பியும்

கையால் கிட்டார் செய்யும் பட்டறைகளுக்குள் லேசர் வெட்டுக்கருவி வந்தது மரத்துக்காக. கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரான் கதிரை மரம் நன்றாக உறிஞ்சும். கதிர் விழுந்த இடம் கருகி ஆவியாகிவிடும். மெல்லிய பலகைகளை வெட்ட, வார்ப்புருக்கள் எடுக்க, ஓசைத்துளையைச் சுற்றிய வளையத்துக்குத் துண்டுகள் நறுக்க இது போதும். மெட்டுகளின் இடத்தைக் குறிப்பதில் இதன் பயன் அதிகம். 650 மில்லிமீட்டர் தந்தி நீளத்துக்கு முதல் மெட்டு 36.5 மில்லிமீட்டரில் வரவேண்டும், 12ஆவது 325இல். அளவுகோலை நகர்த்தி நகர்த்திக் குறித்தால் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். லேசர் எல்லாக் கோடுகளையும் ஒரே வரைபடத்திலிருந்து போடுகிறது.

நாதம் வேறு சங்கதி. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு மேல்பலகைகள்கூட ஒரே விறைப்போடு இருப்பதில்லை. பலகையைத் தட்டிக் கேட்டு, வளைத்துப் பார்த்து, உள்ளே ஒட்டிய தாங்குகட்டைகளை உளியால் சீவிக் குறைக்கும் வேலை இன்னும் கையிடம்தான் இருக்கிறது. அந்த வேலை இருக்கும்வரை, லேசர் புகுந்ததால் கிட்டார் கைவேலை இல்லை என்று சொல்வது வீண் வாதம்.

விரல்பலகையில் சிப்பி பதிக்கும்போது லேசரின் எல்லை தெரிந்துவிடும். கருங்காலியிலோ ஈட்டியிலோ பள்ளத்தை அது துல்லியமாகத் தோண்டும். கதிர் தின்னும் அகலத்தில் பாதியை வரைபடத்திலேயே கழித்துவிட வேண்டும். கருகிய படலத்தைச் சுரண்டாவிட்டால் பசை பிடிக்காது. சிப்பியோ முரண்டுபிடிக்கும். அது சுண்ணாம்புத் தகடுகளைப் புரதம் ஒட்டிவைத்த அடுக்கு. சூடு பட்டால் புரதம் முதலில் கருகும், ஓரம் பழுப்பேறும், அடுக்குகள் பிரியும். காகிதம்போல் மெல்லிய சிப்பிப் படலத்தை லேசரால் வெட்டலாம். ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தகட்டுக்கு நகைத்தொழிலாளியின் நுண்ரம்பமோ கணினி இயக்கும் சுழல்வெட்டியோ வேண்டும்.

இப்படிப் பதிக்க உதவும் பெரிய சிப்பி வட ஆஸ்திரேலிய, இந்தோனேசியக் கடல்களில் கிடைப்பது. கொற்கைக் கடலின் முத்துச்சிப்பி சிறியது, ஓடும் மெல்லியது. அதன் பெருமையெல்லாம் உள்ளே விளையும் முத்தில். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. ஆனால் ஓட்டை அறுக்கும் தொழில் இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1914இல் சங்கைப் பற்றித் தனிநூல் வெளியிட்ட ஜேம்ஸ் ஹார்னெல், கொற்கையிலும் காயலிலும் ரம்பத்தால் அறுபட்ட சங்குத் துண்டுகளைக் கண்டு எழுதினார். வளையல் அறுத்த கழிவுகள் அவை. சங்கும் சிப்பியும் அடிப்படையில் ஒரே சுண்ணாம்புதான். அன்று சங்கை அறுத்ததுபோல் இன்றும் கிட்டார்க்காரர் சிப்பியை ரம்பத்தால் அறுக்கிறார்.

அறுக்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் சொட்டவிட்டு, முகமூடி அணிந்தே அறுக்க வேண்டும். லேசரிலும் ஆபத்து உண்டு: ஈட்டி மரத்தின் எண்ணெய்ப் புகையை விசிறி வைத்து வெளியேற்ற வேண்டும், பிவிசி தகட்டை மட்டும் அதில் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு ஆளையும் கெடுக்கும், கருவியையும் அரிக்கும்.