கசடில் விளைந்த படிகம் கனிமமா?

கனிமம் என்றால் என்ன? "இயற்கையில் கிடைப்பதும், திட்டமான இயைபும் படிக அமைப்பும் உடையதுமான திடப்பொருள்" என்பீர்கள். சரியான விடைதான். ஆனால் "இயற்கையில்" என்ற சொல்லை மட்டும் சற்று உரசிப் பார்ப்போம்.

கிரேக்க நாட்டில், ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே கடலோரத்தில் லாவ்ரியோன் உள்ளது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸை வளப்படுத்திய வெள்ளிச் சுரங்கங்கள் இங்கேதான் இருந்தன. ஈயத் தாதுவை உருக்கி வெள்ளியைப் பிரித்தவர்கள், மிஞ்சிய கசடைக் கடலோரத்தில் கொட்டினார்கள். அக்கசடில் ஈயம் எஞ்சியிருந்தது. அதன் புழைகளில் கடல்நீர் புகுந்து, ஈயத்தை மெல்ல மெல்ல அரித்தது. உப்பிலுள்ள குளோரைடு ஈயத்துடன் சேர்ந்தது. நெடுங்காலத்தில் நிறமற்ற சிறு படிகங்கள் வளர்ந்தன. 1887-இல் விவரிக்கப்பட்ட இந்த அரிய பொருளுக்கு லாரியோனைட் என்று பெயர். ஓர் ஈய அணு, ஒரு குளோரின் அணு, ஒரு ஹைட்ராக்சில் தொகுதி என்பது இதன் இயைபு. முன்பிருந்த பொருள் சிதைந்து அதிலிருந்து தோன்றுவதால், இதை இரண்டாம் நிலைக் கனிமம் என்பர். இதே இயைபுடன், அணுக்களின் அடுக்கு மட்டும் மாறிய பாராலாரியோனைட்டும் அங்கே கிடைக்கிறது.

கசடு மனிதன் செய்தது. படிகம் கடல் செய்தது. இது கனிமமா? மனிதன் ஆக்கிய பொருளின்மீது இயற்கை வினைபுரிந்து உண்டாகும் புதியவற்றை இனிக் கனிமமாக ஏற்பதில்லை என்று அனைத்துலகக் கனிமவியல் சங்கம் 1990-களில் விதி செய்தது. முன்பே ஏற்கப்பட்டவை பட்டியலில் நீடிக்கின்றன.

விதியின் நோக்கம் புரிகிறது. கதவை அகலத் திறந்தால் ஆய்வுக்கூடச் சேர்மங்கள் எல்லாம் உள்ளே வந்துவிடும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் வினையை நடத்துபவன் மனிதன். லாவ்ரியோனிலோ அவன் கசடைக் கொட்டிவிட்டுப் போய்விட்டான். எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்த்தால் அணுக்களின் அடுக்கு தெரியும். ஈயம் பாறையிலிருந்து வந்ததா, உலையிலிருந்து வந்ததா என்பது தெரியாது.

எனவே இத்தகையவற்றை விலக்காமல், "மனிதன் வழி வந்தது" என்ற குறிப்புடன் சேர்ப்பதே முறை என்பது என் கருத்து. 2017-இல் ராபர்ட் ஹேசன் குழுவினர், முழுவதுமாகவோ பெரும்பாலுமோ மனிதச் செயலால் உண்டானவை என 208 கனிமங்களைத் தொகுத்துக் காட்டினர். லாவ்ரியோன் மண்ணில் ஈய நஞ்சு இன்னும் நீங்கவில்லை. பட்டியலிலிருந்து நம் பங்கை நீக்கிவிட்டால், பூமியில் நாம் விட்டுச்செல்லும் தடமும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

உங்கள் வீட்டுச் செம்புக் குடத்தில் ஏறும் பச்சைக் களிம்பைப் பாருங்கள். குடம் கன்னார் செய்தது. களிம்பு யார் செய்தது? வகுப்பில் விவாதித்துப் பாருங்கள்.