இடித்த வீட்டில் இருக்கிறது ரோடு!

ஒதியம்பட்டானாலும் வில்லியனூரானாலும், பழைய வீட்டை இடித்தால் அந்த ரப்பீஸ் எங்கே போகிறது? ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டோரம். இல்லையென்றால் வாய்க்கால், குட்டை! புது ரோட்டுக்கோ வானூர் பக்கம் பாறையை உடைத்து லாரியில் ஜல்லி வருகிறது.

இடித்த கான்கிரீட்டிலும் கல்தானே இருக்கிறது? கம்பியை உருவி, மரம், பிளாஸ்டிக்கைப் பொறுக்கிவிட்டு, கிரஷரில் உடைத்துச் சலித்தால் ஜல்லி ரெடி. டெல்லி புராரியில் 2009-லேயே இதற்கு ஆலை வந்துவிட்டது. அரசு வேலைகளில் 10 முதல் 20 சதவீதம் இந்தச் சரக்கைச் சேர்க்க 2016-லேயே மத்திய அரசு விதி போட்டது. ரோட்டு வேலைக்கான வழிமுறையை இந்திய சாலை காங்கிரஸ் 2017-ல் வெளியிட்டது.

"ரோடு தாங்குமா?" என்கிறீர்களா? நியாயமான கேள்வி. பழைய சிமென்ட் ஒட்டியிருப்பதால் இந்த ஜல்லி தண்ணீரை அதிகம் உறிஞ்சும். ஆகவே மேலே தாரோடு வேண்டாம். அடிப்படுகைக்குச் சோதித்துப் போடலாம். காரையும் செங்கல் தூளும் கலந்து அப்படியே கொட்டிவிட்டு பில் போட்டால், முதல் மழையிலேயே குழிதான்!

வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து ரப்பீஸ் கொட்ட முதலில் ஓர் இடம் ஒதுக்கட்டும். பொதுப்பணித்துறை ஒரே ஒரு தெருவில் போட்டுக் காட்டட்டும். குட்டையும் பிழைக்கும், பாறையும் மிஞ்சும். செய்வார்களா?