எட்டிப் பார்ப்பது அறமாகுமா?

பொதுவாழ்வில் இருப்போரின் ஒழுக்கத்தைப் பற்றி நம்மவர் பேசும் பேச்சில் பாதி அறச்சீற்றம். மீதி வெறும் வேடிக்கை. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணி மயங்குவதே நம்மைப் பிடித்துள்ள நோய்.

2007ஆம் ஆண்டின் இறுதியில் ஜொகூர் மாநிலத்தில் ஒரு காணொளிக் குறுவட்டு கைக்குக் கை மாறியது. அதில் இருந்தவர் தாமே என்று அன்றைய சுகாதார அமைச்சர் சுவா சொய் லெக் ஒப்புக்கொண்டு, 2008 ஜனவரி 2ஆம் நாள் பதவி துறந்தார். அவர் செய்தது தவறே. ஆயினும், விடுதி அறையில் கருவியை மறைத்து வைத்தவன் செய்தது எவ்வகை அறம்? அதைத் தேடிப் பிடித்துப் பார்த்தோர் காத்தது எந்த ஒழுக்கத்தை? அமைச்சராயிருந்தவர் 2010இல் தம் கட்சியின் தலைவராகவே உயர்ந்தார். அக்காட்சியில் சிக்கிய பெண்ணின் மானத்தை மீட்டுத் தருவார் யார்?

பிறனில் விழையாமையை 15ஆம் அதிகாரமாக வைத்த வள்ளுவர், புறங்கூறாமையை 19ஆம் அதிகாரமாக வைத்தார். இரண்டும் இல்லறவியலிலேயே உள்ளன. முன்னதை மேடையில் முழங்கிவிட்டுப் பின்னதை வசதியாக மறப்போர் குறளைப் பாதியே கற்றவர் அல்லரோ?

"அப்படியாயின், தலைவர் எவ்வாறு நடப்பினும் கண்டுகொள்ளாதிருப்பதா?" எனக் கேட்பார் உளர். அன்று. தனிவாழ்வு என்னும் திரை பொதுக்கடமையை மறைக்குமிடத்து, அத்திரையை விலக்கியே ஆகவேண்டும். பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் ஜான் புரோபியூமோ, 1963 மார்ச்சில் தம் தகாத உறவை நாடாளுமன்றத்தில் மறுத்துரைத்தார். ஜூன் மாதத்தில் அது பொய்யென ஒப்பிப் பதவி விலகினார். உறவினால் நொந்தது குடும்பம். பொய்யினால் ஏமாந்தது நாடு.

நம் அண்டை நாட்டிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். 2023 ஜூலையில் சிங்கப்பூர் நாடாளுமன்ற நாயகர் டான் சுவான் ஜின், சக உறுப்பினர் ஒருவரோடு கொண்ட தகாத உறவின் காரணமாகப் பதவி விலகினார். 2020 பொதுத்தேர்தலுக்குப் பின்னர்த் தமக்கு அது தெரியவந்ததென்றும், இருவருக்கும் அறிவுரை கூறப்பட்டதென்றும் பிரதமரே தெரிவித்தார். அவையில் எல்லாரையும் ஒப்ப நடத்தவேண்டிய நடுவர், அவ்வவையின் உறுப்பினர் ஒருவரோடு மறைவான உறவு கொள்வாராயின், அது தனிவாழ்வு மட்டும் ஆகாது. எனவே, "இத்துணைக் காலம் ஏன் தாழ்த்தினீர்?" என்று மக்கள் கேட்டது வம்பன்று, குடிமைக் கடமை. நாகரிகம் கருதி வாய் காப்பது வேறு. பதவியைக் கருதி மூடி மறைப்பது வேறு.

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! "யாரோடு? எங்கே?" என்று கேட்பவன் வேடிக்கை பார்ப்பவன். "பொய்யுரைத்தாரா? பதவியை அதற்குப் பயன்படுத்தினாரா?" என்று கேட்பவனே குடிமகன். கைப்பேசிக்கு வந்த காட்சியைப் பிறர்க்கு அனுப்பாது அழித்துவிடும் விரல், மேடையில் ஒழுக்கம் பேசும் நாவினும் மேலானது.