தாய்ப்பால்: குறை தாயிடமா, சமூகத்திடமா?

ரொறன்ரோவில் பிள்ளை பெற்ற தமிழ்த் தாயொருவர் முதற் கிழமையிலேயே பால்மாவை நாடினால், "இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை இல்லை" என்ற தீர்ப்பு உறவினரிடமிருந்து உடனே வந்துவிடுகின்றது. இத்தீர்ப்புத் தவறானது மட்டுமன்று, அநீதியானதுமாகும்.

கனடாவில் 2011-2012 காலப்பகுதியில் திரட்டப்பட்ட தேசியத் தரவுகளின்படி, 89 சதவீதமான தாய்மார் தாய்ப்பாலூட்டத் தொடங்கினர். ஆறு மாதம் வரை தாய்ப்பாலை மட்டுமே கொடுத்தோர் 26 சதவீதத்தினரே. விருப்பமற்றவர்கள் தொடங்கியிருக்கவே மாட்டார்கள். அவ்வாறாயின், தொடங்கியவர்களுக்கு இடைவழியில் நேர்ந்தது என்ன?

சிக்கலற்ற பிரசவமாயின் தாயும் சேயும் ஓரிரு நாட்களில் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றனர். கடும்புப்பாலைத் தொடர்ந்து பால் பெருகுவதோ பெரும்பாலும் 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையிலாகும். மார்பு கட்டுதல், காம்பு புண்படுதல், பிள்ளை சரியாகப் பற்றாதிருத்தல் போன்ற இடர்கள் கடுமையாவது மருத்துவமனையை விட்டு வந்த பின்னரே. அவ்வேளை பெற்ற தாய் ஊரில், கணவர் வேலையில். "பால் காணாது" என்ற ஒரு சொல் போதும், போத்தல் வீட்டுக்குள் வந்துவிடும்.

இலங்கையிலோ குடும்பநல மருத்துவமாது வீடு தேடி வருகின்றார். அங்கு 2016ஆம் ஆண்டின் ஆய்வில், ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பாலை மட்டுமே பெற்றனர். இரு நாடுகளிலும் அளவிடும் முறை வேறுபட்டதெனினும், பயிற்சி பெற்றவர் வாசலுக்கு வருவதன் பயன் மறுக்கமுடியாதது.

இதற்கு உறுதியான சான்றுண்டு. 1996-1997இல் பெலாரஸ் நாட்டில் 31 மருத்துவமனைகளில் நடைபெற்ற பேராய்வில், ஒரு பகுதி மருத்துவமனைகளின் மூத்த மருத்துவர்களுக்கு 18 மணிநேரப் பாலூட்டற் பயிற்சி வழங்கப்பட்டு, நடைமுறைகளும் மாற்றப்பட்டன. மூன்றாம் மாதத்தில் தாய்ப்பாலை மட்டுமே பெற்ற குழந்தைகள் அங்கு 43.3 சதவீதம்; ஏனைய இடங்களில் 6.4 சதவீதம். தாய்மார் மாறவில்லை, அவர்களைச் சூழ்ந்திருந்தோரே மாறினர்.

ரொறன்ரோவை அண்டிய பகுதிகளில் முதற்பிள்ளை பெற்ற 256 தாய்மாரிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வு இன்னும் எளிய வழியைக் காட்டியது. பாலூட்டிய அனுபவமுள்ள தாய்மார் இரண்டரை மணிநேர அறிமுகப் பயிற்சியின் பின் தொலைபேசியில் துணைநின்றனர். மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே ஊட்டியோர், துணை பெற்றவர்களுள் 56.8 சதவீதம், வழமையான கவனிப்பு மட்டுமே பெற்றவர்களுள் 40.3 சதவீதம்.

பாலூட்டுவது அவரவர் தெரிவு என்போர் உளர். உண்மையே. இயலாதவரையும் வேறு முடிவெடுத்தவரையும் பழிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் ஊட்ட விரும்பியவர் உதவியின்றிக் கைவிடுவதைத் தெரிவு என்று அழைப்பது ஏமாற்று.

ஆண்டுவிழாக்களுக்கு மண்டபங்களை நிரப்பும் ஊர்ச்சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஆலயங்களுக்கும் இரண்டரை மணிநேரம் பெரிதா? பாலூட்டிய தாய்மார் அவற்றில் நிறையவே உள்ளனர். தாதியராகவும் மருத்துவர்களாகவும் உருவாகும் தமிழ் இளையோர் அவர்களைப் பயிற்றுவிக்கலாம். ஒன்ராறியோவில் 1994 முதல் அரச நிதியில் இயங்கும் மருத்துவிச்சியர் சேவை, பிரசவத்தின் பின் ஆறு கிழமை வரை தாயையும் சேயையும் கவனிக்கின்றது. கர்ப்பகாலத் தொடக்கத்திலேயே அதனை நாடலாம் என்பதைத் தமிழில் எடுத்துச்சொல்ல வேண்டும். தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்படி பொதுச் சுகாதாரத் துறையிடம் கோரவும் வேண்டும்.

புதிய தாயைக் காண வருவோர் பால்மாப் பெட்டிக்குப் பதில் சமைத்த சோறும் ஒரு தொலைபேசி இலக்கமும் கொண்டு வரட்டும். அறிவுரைக்குக் குறைவில்லாத சமூகம் இனித் துணைநிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.